மோட்டார் பழுதை முன்கூட்டியே சொல்லும் சென்சார்: பின்னால் இருக்கும் பியரி கியூரியின் கதை

ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டார் சீக்கிரம் பழுதாகப் போகிறது என்று எப்படித் தெரியும்? பழைய ஃபிட்டர்கள் ஸ்குரூடிரைவர் முனையைப் பேரிங் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். வழக்கமான ரீங்காரம் கரகரவென்று மாறியிருந்தால், பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார்கள். இப்போது பல ஆலைகளில் அதே இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் உலோக உருளை மாட்டப்பட்டிருக்கிறது. அதுதான் வைப்ரேஷன் சென்சார். ராத்திரி ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் என்ற கணக்கெல்லாம் இல்லாமல் அதிர்வைக் கேட்டு, கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்த உருளையைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு சின்னப் படிகம் அல்லது செராமிக் துண்டு, அதை அழுத்தும் ஒரு எடைக்கட்டி, மின்சாரத்தை வெளியே எடுக்க ஒயர், அவ்வளவுதான். அழுத்தினால் படிகத்தில் மின்சாரம் தோன்றும் என்ற இந்தச் சங்கதி 1880இல் பாரிஸில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் ஓர் அண்ணனும் தம்பியும். அண்ணன் ஜாக்குக்கு அப்போது 24 வயது. 21 வயதுத் தம்பியின் பெயர் பியரி கியூரி.

ஆமாம், ரேடியம் கியூரியேதான். மேரி கியூரியின் கணவர் என்றே பலரும் அவரை அறிந்திருக்கிறோம். ஆனால் இன்றைக்கு உலகத்தில் அதிகமான இடங்களில் வேலை செய்துகொண்டிருக்கும் அவருடைய கண்டுபிடிப்பு ரேடியம் அல்ல. மேரியைச் சந்திப்பதற்கு 14 வருடங்களுக்கு முன்பு, முனைவர் பட்டம்கூட இல்லாத காலத்தில் அவர் செய்த வேலை அது.

பள்ளிக்கூடம் போகாத பையன்

1859 மே 15 அன்று பாரிஸில் பிறந்தார் பியரி. அப்பா யூஜின் கியூரி ஒரு டாக்டர், தீவிரமான குடியரசு ஆதரவாளர். 1871இல் பாரிஸ் கம்யூன் எழுச்சி வெடித்தபோது வீட்டையே காயம்பட்டவர்களுக்கான சிகிச்சை இடமாக மாற்றியவர். தெருவில் விழுந்து கிடந்தவர்களைத் தூக்கிவர, சின்னப் பையன்களாக இருந்த ஜாக்கும் பியரியும் துணைக்குப் போயிருக்கிறார்கள்.

பியரி பள்ளிக்கூடமே போகவில்லை. ஒரு விஷயத்தை எடுத்தால் அதிலேயே மூழ்கிவிடும் சுபாவம் அவருக்கு. மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்குத் தாவ இந்தப் பையனால் முடியாது என்று பெற்றோர் முடிவு செய்து, வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். 14 வயதில் ஒரு நல்ல கணித ஆசிரியர் கிடைத்த பிறகு வேகம் பிடித்தது. 16 வயதில் பள்ளிப் படிப்புக்கான தேர்வை முடித்தார், 18 வயதில் அறிவியல் பட்டம். அதற்கு மேல் படிக்கக் குடும்பத்தில் வசதி இல்லை. 1878இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் அறிவியல் துறையில், மாணவர்களின் சோதனைகளுக்குச் சாமான்களைத் தயார்செய்து கொடுக்கும் லேப் உதவியாளராகச் சேர்ந்தார். அண்ணனுக்கும் அதே ஊரில் கனிமவியல் ஆய்வகத்தில் வேலை. இருவரும் சேர்ந்து படிகங்களை நோண்ட ஆரம்பித்தார்கள்.

சாம்பலை இழுக்கும் கல்

இந்தக் கதையில் இலங்கைக்கும் ஒரு சின்ன பங்கு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஒரு கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பெயரான டூர்மலின், தோரமல்லி என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. அதைச் சூடாக்கினால் அடுப்புச் சாம்பலைத் தன்பக்கம் இழுக்கும். சூட்டில் அதன் ஒரு முனையில் நேர்மின்னூட்டமும் மறுமுனையில் எதிர்மின்னூட்டமும் சேருவதுதான் காரணம்.

சூடு மின்சாரத்தை உண்டாக்குகிறது என்றால், அழுத்தம்? கியூரி சகோதரர்கள் கேட்ட கேள்வி இதுதான். இந்தச் சந்தேகம் அவர்களுக்கு முன்பே சிலருக்கு வந்திருக்கிறது, சிலர் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உரசலால் வரும் மின்சாரத்தையும் அழுத்தத்தால் வருவதையும் பிரித்துக் காட்ட அவர்களால் முடியவில்லை.

கையில் கிடைத்த கல்லையெல்லாம் நசுக்கிப் பார்க்கவில்லை இந்தச் சகோதரர்கள். எந்தப் படிகம் மின்சாரம் தரும் என்பதை அதன் சமச்சீரை வைத்தே ஊகித்தார்கள். ஒரு படிகத்துக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும். அந்த அடுக்கு மையத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஈடாக இருந்தால், நசுக்கும்போது ஒரு பக்கம் நடக்கும் நகர்வை எதிர்ப்பக்க நகர்வு சமன் செய்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. நாம் சாப்பிடும் உப்பு இந்த ரகம். அந்த மையச் சமச்சீர் இல்லாத குவார்ட்ஸ் போன்ற படிகத்தை நசுக்கினால் மின்னூட்டங்கள் சற்றே விலகி, ஒரு முகத்தில் நேர், எதிர் முகத்தில் எதிர் என்று வெளிப்படும்.

சரியான கோணத்தில் வெட்டிய படிகத் துண்டின் இரண்டு முகங்களிலும் தகரத் தாளை ஒட்டி, ஒயரால் எலெக்ட்ரோமீட்டரில் இணைத்து, அழுத்தினார்கள். முள் நகர்ந்தது. அழுத்தத்தை எடுத்தபோது எதிர்ப்பக்கம் நகர்ந்தது. டூர்மலின், குவார்ட்ஸ், புஷ்பராகம், கரும்புச் சர்க்கரைப் படிகம், ரோஷெல் உப்பு என எல்லாவற்றிலும் இது வேலை செய்தது. பீசோ எலெக்ட்ரிக் விளைவு என்ற பெயர் மறுவருடம் வேறொருவர் வைத்தது. அழுத்துவது என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். நம் பாடப்புத்தகங்களில் இது அழுத்தமின் விளைவு.

அடுத்த வருடமே இன்னொரு விஷயம். கேப்ரியல் லிப்மன் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டு, மின்சாரம் கொடுத்தால் படிகம் சுருங்கவோ விரியவோ வேண்டும் என்றார். சகோதரர்கள் சோதித்துப் பார்த்து, உண்மைதான் என்று உறுதி செய்தார்கள். கையில் கட்டும் குவார்ட்ஸ் வாட்ச், ஆஸ்பத்திரி அல்ட்ராசவுண்ட் எல்லாம் இந்தத் தலைகீழ் விளைவில் ஓடுபவை.

படிகம் எப்படிப் பழுதைக் கண்டுபிடிக்கிறது?

சென்சாருக்குள் இருக்கும் எடைக்கட்டிதான் இங்கே முக்கியம். மோட்டார் அதிரும்போது அதில் திருகப்பட்ட சென்சாரும் கூடவே அதிரும். உள்ளே இருக்கும் எடை தன் நிலைமத்தால் உடனே நகர மறுக்கும். பஸ் சட்டென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்வோமே, அந்த மாதிரி. அந்த மறுப்பு படிகத்தை ஒரு நொடி அழுத்தும், மறுநொடி தளர்த்தும். அதிர்வின் முடுக்கம் எவ்வளவோ அவ்வளவு விசை, விசை எவ்வளவோ அவ்வளவு மின்சாரம்.

அளவு ரொம்பச் சிறியது. ஒரு நியூட்டன் விசைக்கு, அதாவது ஏறக்குறைய 100 கிராம் எடை உட்கார்ந்தால், குவார்ட்ஸ் தருவது சுமார் 2.3 பிகோகூலம். ஒரு கூலத்தை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் பிகோகூலம். அதனால்தான் பெரும்பாலான ஆலை சென்சார்களில் படிகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரும் இருக்கும். புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான அதிர்வுக்கு 100 மில்லிவோல்ட் என்பது இவற்றில் வழக்கமான அளவு.

இதில் வரும் சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரித்தால் பழுதின் பெயரே தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 25 சுற்று. அதிர்வு 25 ஹெர்ட்ஸில் பெரிதாக இருந்தால், சுழலும் பாகத்தின் எடை ஒருபக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அதன் இரண்டு மடங்கான 50இல் எகிறினால் மோட்டாரும் பம்பும் நேர்கோட்டில் இல்லை என்ற சந்தேகம் வரும். பேரிங் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 9 உருண்டைகள் உள்ள சாதாரண பேரிங் ஒன்றின் வெளிவளையத்தில் நுண்ணிய பள்ளம் விழுந்தால், ஒவ்வொரு உருண்டையும் அதைத் தாண்டும்போது ஒரு தட்டு தட்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் மூன்றரை தட்டு, வினாடிக்கு ஏறக்குறைய 90. இப்படி முழு மடங்கில் வராத ஓர் அதிர்வெண்ணில் சிக்னல் எழும்பினால் பேரிங்தான் குற்றவாளி. காதுக்குக் கேட்கும் முன்பே, பல நேரம் வாரக்கணக்கில் முன்பே, இது தெரியவரும். பிளான்ட்டை நிறுத்தும் நாளை மெயின்டனன்ஸ் ஆட்களே தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு குறையும் உண்டு. படிகத்தின் மேல் எடையை வைத்து அப்படியே விட்டால், தோன்றிய மின்னூட்டம் மெல்லக் கசிந்து காணாமல் போய்விடும். நிலையான அழுத்தத்தை நீண்ட நேரம் அளக்க இது சரிப்படாது. மாறிக்கொண்டே இருக்கும் அழுத்தம்தான் இதற்குத் தோது, அதிர்வு என்பதே அதுதானே.

ஒரு கையில் எடை, மறு கையில் ஸ்டாப்வாட்ச்

1882இல் பாரிஸ் நகராட்சி புதிதாக ஆரம்பித்த தொழில்சார் இயற்பியல், வேதியியல் பள்ளியில் பியரிக்கு ஆய்வகப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. மறுவருடம் ஜாக் கனிமவியல் கற்பிக்க மான்பெலியே நகருக்குப் போய்விட்டார். அண்ணன் தம்பி கூட்டு ஆராய்ச்சி கிட்டத்தட்ட முடிந்தது. பியரி அந்தப் பள்ளியில் 22 வருடங்கள் இருந்தார். பல காலம் மாதம் 300 பிராங்க், ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் சம்பளம் மாதிரிதான். அவருக்கென்று தனி ஆய்வகமும் கிடையாது, மாணவர்கள் போன பிறகு கிடைத்த இடத்தில் சோதனைகள். இதே நேரத்தில் பிரிட்டனின் பெரிய இயற்பியலாளர் கெல்வின் பிரபு, பியரியின் குவார்ட்ஸ் கருவியைப் பற்றி விசாரித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் தெரிந்த பெயர் சொந்த ஊரில் எடுபடவில்லை.

கெல்வின் கேட்ட அந்தக் கருவிதான் கதையின் திருப்பம். சகோதரர்கள் தங்கள் விளைவை அப்படியே விட்டுவிடவில்லை. நீளமான மெல்லிய குவார்ட்ஸ் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, கீழே தட்டில் எடை வைத்தார்கள். இவ்வளவு எடைக்கு இவ்வளவு மின்னூட்டம் என்று கணக்கு தெரியும். ஆக, தெரியாத மிகச்சிறிய மின்னோட்டம் ஒன்று வந்தால், அதைக் குவார்ட்ஸின் மின்னூட்டத்தால் ஈடுகட்டி, எவ்வளவு எடைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்து அளந்துவிடலாம்.

1897இன் கடைசியில் மேரி தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு யுரேனியக் கதிர்களைத் தேர்ந்தெடுத்தபோது, இந்தக் கருவிதான் கைகொடுத்தது. யுரேனியம் பக்கத்தில் இருந்தால் காற்று லேசாக மின்சாரத்தைக் கடத்தும். அந்த மின்னோட்டம் மிக மிகக் குறைவு. மற்றவர்கள் கதிர் இருக்கிறதா இல்லையா என்று போட்டோ தகட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேரி ஒரு கையால் எடையை மெல்ல மெல்ல இறக்கி, மறு கையில் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்து எண்ணாகவே அளந்தார். பிட்ச்பிளெண்டு என்ற கனிமத்தின் கதிர், சுத்த யுரேனியத்தைவிட வலுவாக இருப்பது இப்படித்தான் தெரிந்தது. அதற்குள் வேறு ஏதோ ஒரு தனிமம் ஒளிந்திருக்க வேண்டும். பியரி தன் படிக ஆராய்ச்சியை ஓரம்கட்டிவிட்டு மேரியோடு சேர்ந்துகொண்டார். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என்று அறிவித்தார்கள்.

ரேடியம் கதையைச் சொல்பவர்கள் கொட்டகையையும், டன் கணக்கில் கிண்டிய கனிமத்தையும் சொல்வார்கள், குவார்ட்ஸ் தகட்டை விட்டுவிடுவார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்தத் தகடு இல்லாமல் எதைத் தேடிக் கிண்டுவது என்றே தெரிந்திருக்காது.

இடையில் 1895இல் பியரி இன்னொரு காரியமும் செய்திருந்தார். சூடு ஏற ஏறக் காந்தத்தன்மை என்ன ஆகிறது என்று 1,400 டிகிரி செல்சியஸ் வரை அளந்து, அதையே முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். வயது அப்போது 35. இரும்பு 770 டிகிரியில் தன் காந்தத்தன்மையை இழக்கும் அந்த எல்லைக்கு இன்று கியூரி வெப்பநிலை என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சென்சாரில் மறுபடி வரும். அதே வருடம் ஜூலையில் மேரியைக் கல்யாணம் செய்துகொண்டார். மத விழா கிடையாது, தேனிலவு என்பது ஆளுக்கொரு சைக்கிளில் கிராமப்புறம் சுற்றியது.

பதக்கம் வேண்டாம், ஆய்வகம் வேண்டும்

1903இல் நோபல் பரிசுக்குப் பிரெஞ்சு அகாடமியின் உறுப்பினர்கள் எழுதிய பரிந்துரையில் பெக்கரலும் பியரியும் மட்டும்தான் இருந்தார்கள். மேரி பெயர் இல்லை. ஸ்வீடன் கணிதவியலாளர் மிட்டாக்-லெஃப்லர் இதைப் பியரியின் காதில் போட்டார். மேரியையும் சேர்க்க வேண்டும் என்று பியரி தெளிவாகப் பதில் எழுதினார். பரிசு மூவருக்கும் போனது, பாதி பெக்கரலுக்கு, பாதி கியூரி தம்பதிக்கு.

அதே வருடம் பிரான்ஸ் அரசு லீஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுக்க முன்வந்தது. தனக்கு அலங்காரம் தேவையில்லை, ஆய்வகம்தான் ரொம்பத் தேவை என்று சொல்லி மறுத்துவிட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் அறிவியல் அகாடமி தேர்தலில் நின்று தோற்றிருந்தார். ஆதரவு கேட்டு உறுப்பினர்களின் வீடு வீடாகப் போவது அங்கே சம்பிரதாயம். அந்தக் கூச்ச சுபாவக்காரருக்கு அது சரிப்பட்டு வரவில்லை. 1905இல்தான் தேர்வானார். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தது 1904இல், நோபல் பரிசு வாங்கிய பிறகு.

உடம்பும் படுத்தியது. ரேடியம் தோலை என்ன செய்யும் என்று பார்க்கத் தன் கையிலேயே அதைக் கட்டிப் பார்த்தவர் அவர். காயம் ஆற வாரக்கணக்கில் ஆனது. கால் வலி, சோர்வு எல்லாவற்றுக்கும் வாதம் என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1906 ஏப்ரல் 19, மழை நாள். பாரிஸின் தோஃபின் தெருவைக் கடக்கும்போது, ராணுவச் சீருடைகள் ஏற்றிய கனமான குதிரை வண்டியின் முன் சறுக்கி விழுந்தார். பின்சக்கரம் தலையில் ஏறியது. அங்கேயே இறந்தார். 47 வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்த மாதிரியான ஆய்வகம், ரேடியம் ஆய்வு நிலையமாகக் கட்டி முடிக்கப்பட்டது 1914இல். அவருடைய வகுப்பை மேரி எடுத்துக்கொண்டார், சோர்போனில் பாடம் நடத்திய முதல் பெண் அவர்தான்.

படிகம் ஆலைக்கு வந்தது எப்படி?

பியரி உயிரோடு இருந்தவரை அழுத்தமின் விளைவு ஆய்வகச் சாமான்தான். அதை வெளியே கொண்டுவந்தவர் அவருடைய மாணவர் பால் லாஞ்ச்வான். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, குவார்ட்ஸை மின்சாரத்தால் அதிரவைத்து நீருக்குள் ஒலி அனுப்பி, எதிரொலியை அதே குவார்ட்ஸால் கேட்டார். சோனாரின் ஆரம்பம் அது.

1940களில் டென்மார்க்கில் அதிர்வை அளக்கும் பீசோ சென்சார்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் இருந்தது ரோஷெல் உப்பு, கியூரி சகோதரர்களின் 1880ஆம் வருடப் பட்டியலில் இருந்த அதே பொருள். அழுத்தினால் நிறைய மின்சாரம் தரும். ஆனால் தண்ணீரில் கரையும், 55 டிகிரி வாக்கில் கெட்டுப்போகும். சூடான மோட்டாரின் மேல் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1950களில் பிஇசட்டி என்ற ஈயம், ஸிர்கோனியம், டைட்டானியம் கலந்த செராமிக் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதே விசைக்குக் குவார்ட்ஸைவிட நூறு மடங்கு வரை மின்னூட்டம் தருவது இது.

இங்கேதான் பியரியின் பெயர் இரண்டாவது தடவை வருகிறது. செராமிக்கை உயர் மின்னழுத்தத்தில் வைத்து, உள்ளே தாறுமாறாக இருக்கும் மின் திசைகளை ஒரே பக்கம் திருப்பினால்தான் அது சென்சாராகும். ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும், ஆறவைத்தாலும் தானாகத் திரும்பாது. இரும்பு காந்தத்தன்மையை இழப்பதோடு இதற்கு ஒற்றுமை இருப்பதால் இந்த எல்லைக்கும் கியூரி வெப்பநிலை என்றே பெயர். பிஇசட்டி வகையைப் பொறுத்து அது சுமார் 200 முதல் 400 டிகிரி வரை. நடைமுறையில் அதற்கு ரொம்பக் கீழேயே நிறுத்திக்கொள்வார்கள். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் சாதாரண ஆலை சென்சார் 120 டிகிரி வாக்கிலேயே தாக்குப்பிடிக்காது, எலெக்ட்ரானிக்ஸ் முதலில் போய்விடும். வாயு டர்பைன் மாதிரி கொதிக்கும் இடங்களுக்கு ஆம்ப்ளிஃபயரைத் தள்ளி வைத்துவிட்டு, வேறு படிகம் போட்ட தனி வகை வேண்டும்.

அதிர்வு சென்சார் எல்லாமே பீசோ வகை என்று நினைத்துவிட வேண்டாம். செல்போனுக்குள் இருப்பது போன்ற சிலிக்கான் சிப் சென்சார்கள் விலை குறைவு என்பதால், ஒயர் இல்லாத கருவிகளில் வேகமாகப் பரவுகின்றன. பெரிய டர்பைன்களின் சுழல்தண்டைத் தொடாமலே கவனிக்கும் காந்தப்புல சென்சார்கள் தனி ரகம். பேரிங்கில் விழும் முதல் கீறல் எழுப்பும் உயர் அதிர்வெண் சிக்னலைப் பிடிக்க மட்டும் பெரும்பாலும் பீசோவையே தேடிப் போகிறார்கள்.

இந்தச் சென்சார்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். அதற்காக ஆய்வகங்களில் ஒரு ரெஃபரன்ஸ் சென்சாரை வைத்து, அதன் முதுகோடு முதுகாகச் சோதிக்க வேண்டியதைத் திருகி, இரண்டையும் ஒன்றாக அதிரவிடுவார்கள். மின்சாரம் குறைவாகத் தந்தாலும் வருடக்கணக்கில் அளவு மாறாது என்பதால், பல ரெஃபரன்ஸ் சென்சார்களில் இன்றும் இருப்பது குவார்ட்ஸ்தான்.